வட்டிக்கடையும் வயலும்: கீழ்ப் பர்மாவில் நகரத்தாரின் நிதித்தொழில், 1852–1942

பர்மாவில் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் குறித்து இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக வழக்கில் உள்ளன. காட்டையும் சதுப்பையும் நெல்வயலாக்கியவர்கள் என்பது ஒன்று. உழவனின் நிலத்தை வட்டியால் விழுங்கியவர்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே கடன் கொடுத்தவரின் குணத்தைப் பார்க்கின்றன. கொடுத்த பணம் யாருடையது என்று இரண்டும் கேட்பதில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அன்று லேவாதேவி என்றும் கொடுக்கல் வாங்கல் என்றும் வழங்கிய இத்தொழில் பெரும்பாலும் சொந்த முதலில் நடந்தது. நெருக்கடியில் அதைத் தாங்கியதும், வேண்டாத நிலத்தோடு அதைக் கட்டிப்போட்டதும் அந்தச் சொந்த முதலே என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நிலம் பிணையானது

1852இல் ஆங்கிலேயர் பெகுப் பகுதியைக் கைப்பற்றியபோது ஐராவதி டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்புமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்குக் கப்பல் செல்லும் தூரம் சுருங்கியது. பர்மா அரிசிக்குக் கிராக்கி ஏறியது. மேல்பர்மாவிலிருந்து இறங்கிவந்த உழவனுக்குக் காடு வெட்டவும், வரப்புக் கட்டவும், மாடு வாங்கவும், முதல் விளைச்சல் வரும்வரை வயிற்றைக் கழுவவும் பணம் வேண்டியிருந்தது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வணிகத்தோடு நின்றுகொண்டன.

கடனுக்கு வழிதிறந்தது 1876ஆம் ஆண்டின் கீழ்ப் பர்மா நில வருவாய்ச் சட்டம். ஒரு நிலத்தைத் தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்து வரியும் செலுத்தியவருக்கு, அதை விற்கவும் அடகு வைக்கவும் இச்சட்டம் உரிமை தந்தது. அதன்பின் வயலைக் காட்டிக் கடன் கேட்க முடிந்தது. நெல் சாகுபடிப் பரப்பு சில லட்சம் ஏக்கரிலிருந்து வளர்ந்து 1930களில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆயிற்று. நகரத்தார் கடைகள் இரங்கூனிலிருந்து டெல்டாவின் சிற்றூர்கள் வரை பரவின.

பணம் வந்த வழி

பர்மா மாகாண வங்கித்தொழில் விசாரணைக் குழு 1929–30இல் திரட்டிய விவரங்கள் இத்துறையில் இன்றும் முதன்மைச் சான்றாக உள்ளன. அதன் மதிப்பீட்டின்படி நகரத்தார் கடைகள் சுமார் 1,650. அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு உழவர்களிடம் கடனாக நின்றது. மொத்தத்தில் 50 கோடிக்கு மேல் கடைக்காரர்களின் சொந்த முதல்.

எஞ்சியது பல வாய்க்கால்களில் வந்தது. ஆச்சிமாரின் சீர்ப்பணம், உறவினரின் சேமிப்பு, கோயில் மகமைப் பணம், பர்மியரும் பிற இந்தியரும் போட்ட வைப்பு, ஆங்கில வங்கிகள் பெரிய கடைகளுக்குக் கொடுத்த கடன் எல்லாம் இதில் அடங்கும். பெரிய கடைகள் சிறிய கடைகளுக்குக் கைமாற்றித் தந்தன. இந்தக் கைமாற்றுக்கான நடப்பு வட்டியை இரங்கூன் நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவுசெய்தனர். குறித்த மாதங்களுக்கு எடுக்காமல் விடும் பணத்துக்குத் தவணை வட்டி தனி. உழவனுக்கு வட்டி பிணையைப் பொறுத்தது: நல்ல நிலம் இருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 12 முதல் 15 விழுக்காடு, பிணை இளைத்தால் 24 வரை ஏறியது.

கடையின் உள்ளமைப்பு

கடை என்பது தரையில் விரித்த பாய், முன்னால் ஒரு கைப்பெட்டி, பக்கத்தில் பேரேடு. கடைக்குப் பெயர் விலாசம். பாட்டன், தந்தை, மகன் பெயர்களின் முதலெழுத்துகளே அது. அந்த எழுத்துகளைக் கண்டாலே முதலாளி எந்த ஊர், எந்தக் கோயில், கடன் எவ்வளவு தாங்குவார் என்பது நகரத்தாருக்குத் தெரியும்.

சிறுவயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்பவர் கடையைக் கூட்டி, கடிதம் கொண்டுபோய், வாய்ப்பாடு பழகி, அடுத்தாளாகி, கடைசியில் மேலாளாவார். முதலாளி செட்டிநாட்டில் இருக்க, மேலாள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு பெரும்பாலும் மூன்று ஆண்டுத் தவணைக்குக் கப்பலேறுவார். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போகும். தவணை முடிவில் லாபத்தில் பங்கு உண்டு. ஊர் திரும்பியதும் ஐந்தொகை எடுத்துக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். கணக்கில் கறை பட்டவரை இன்னொரு விலாசம் எடுத்துக்கொள்வது அரிது.

இந்தக் கட்டுப்பாடு ஆளைக் கண்காணித்தது. பயிரைக் கண்காணிக்க அதில் வழியில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகளின் பேரேடுகள் தனித்தனியாக இருந்தாலும், அவற்றின் பெரும் பிணை ஒரே டெல்டாவில் விளைந்த ஒரே தானியம்.

1930க்குப் பின்

உலகப் பெருமந்தம் நெல் விலையைப் பாதிக்கும் கீழே தள்ளியது. விளைச்சலை விற்றால் வட்டிகூடத் தேறவில்லை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930இல் 5,70,000 ஏக்கர், அதாவது 6 விழுக்காடு. 1938இல் அது 24,68,000 ஏக்கர், 25 விழுக்காடு.

நிலம் பறிப்பதே தொழிலின் நோக்கமாக இருந்திருந்தால், விலை நன்றாக இருந்த முந்தைய ஐம்பது ஆண்டுகளில் இந்தப் பங்கு 6 விழுக்காட்டோடு நின்றிருக்காது. பெருமளவு நிலம் கைமாறியது தொழில் முறிந்த எட்டு ஆண்டுகளில்தான். நிலத்தை விற்றுப் பணமாக்கவும் வழியில்லை, வாங்க ஆளில்லை. வைப்புதாரர் பணத்தில் நடந்த வங்கியாக இருந்திருந்தால், அவர்கள் திரண்டுவந்து கேட்ட நாளிலேயே கதவடைத்திருக்கும். சொந்த முதலில் நின்ற கடைகளுக்குக் காத்திருக்க முடிந்தது. விலை ஏறும், உழவன் மீட்டுக்கொள்வான் என்று நிலத்தை வைத்துக்கொண்டன. விலை பழைய நிலைக்கு ஏறவில்லை.

உழவன் பார்வையில் இந்த நுணுக்கத்துக்கு இடமில்லை. தானே திருத்திய வயலில் அவன் குத்தகைக்காரனாக நின்றான். குத்தகை கேட்டு வந்தவர் வேற்று நாட்டவர். 1930லும் 1938லும் இந்தியர்மீது கலவரம் வெடித்ததற்குப் பல காரணங்கள் இருந்தாலும், நிலம் கைமாறிய மனக்கொதிப்பு அந்தக் காலத்து அரசியலின் நடுவே இருந்தது. 1942இல் ஜப்பானியர் வந்தபோது கடைகள் மூடின. 1948இன் நில நாட்டுடைமைச் சட்டம் வயல்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

குடும்ப முதலிலிருந்து பங்கு முதலுக்கு

பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த 1937ஆம் ஆண்டிலேயே, பிப்ரவரி 10 அன்று, எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் மூன்றிலும் அது ஒரே நாளில் திறக்கப்பட்டது. பங்குதாரர் முதலில், வரையறுத்த பொறுப்போடு, அந்நியச் செலாவணியை முதன்மை நோக்காகக் கொண்டு அது நடந்தது. பழைய கடையிடம் இல்லாத மூன்று பண்புகள் இவை.

வேறுபாட்டின் பொருள் பின்னர் தெரிந்தது. 1963இல் பர்மிய இராணுவ அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இரங்கூன் கிளையை இழந்தது, வங்கி நிலைத்தது. முதல் முழுவதையும் டெல்டாவில் புதைத்த குடும்பங்களுக்கு, இழந்த கிளைக்குப் பின்னால் வேறொன்றும் மிச்சமில்லை.