வேடனும் வேடமும்

எமது சங்கத்துச் சிறுவர் கண்ணப்ப நாயனார் சரித்திரத்தை நாடகமாக நடிக்க ஒத்திகை பார்த்துவந்த நாட்களில், திண்ணனாருக்கு எதனை உடுத்துவது என்பதில் ஒரு வழக்கு எழுந்தது. தாய்மார் சிலர் மாவிலையைக் கோத்துத் தழையாடை செய்து வந்தனர். வேறொருவர் புறக்கோட்டைக் கடையில் புலித்தோல் போல அச்சிட்ட வெல்வெற்றுத் துணியில் இரண்டு யார் வாங்கி வந்தார். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த வாலிபர் ஒருவரோ, அங்கே வில்வேட்டைக்காரர் அணிவதென்று, இலையும் சுள்ளியும் அப்படியே படம் பிடித்தாற்போல் அச்சிட்ட உருமறைப்புச் சட்டையையும் காற்சட்டையையும் எடுத்துக் காட்டி, "இதுதான் உண்மையான வேட்டை உடை அண்ணை, மற்றதெல்லாம் கோமாளி வேஷம்" என்றார். வழக்குத் தீரவில்லை. மலருக்கு எழுதுங்கள் என்று எம் தலையில் வைத்துவிட்டனர். எழுதப் புகுந்தபோதுதான் இது நாடக உடையோடு நிற்கும் விஷயம் அன்று என்று கண்டோம்.

முதலில் எமது நூல்களையே பார்ப்போம். வேட்டுவர் என்றதும் தழையுடை நினைவுக்கு வருவது நாடக மேடைகள் செய்த உபகாரம். சங்கச் செய்யுட்களில் தழையுடை பெரும்பாலும் இளமகளிர் உடை. தலைவன் தலைவிக்குக் கையுறையாகக் கொண்டுவந்து கொடுப்பது. வில்லெடுத்துக் காட்டில் ஓடுபவன் இடையில் பச்சிலையைக் கட்டிக்கொண்டு ஓடினான் என்று நம்புவதற்கு நாம் அறிந்த அளவில் இடமில்லை. அப்படியாயின் அக்காலத்து வேடர் விலங்கின் கண்ணுக்குத் தப்பியது எவ்வாறு? கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதற்கு விடை தருகின்றது. நீர் அருந்த வரும் பன்றியை எதிர்பார்த்து வேட்டுவர் நீர்நிலைக்கு அருகே குழி தோண்டி, அதனுள் ஒடுங்கியிருப்பர். வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டியிருக்கும். பழக்கிய அந்த மானைக் காட்டிக் காட்டு மானை அழைப்பது அவர் தொழில். உடம்பை மறைக்கக் குழி, விலங்கை ஏமாற்ற விலங்கு. உடைக்கு இதில் வேலையே இல்லை.

சேக்கிழார் பெருமான் சங்கதி வேறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரிய புராணத்தில் திண்ணனார் மயிற்பீலியும் மணிகளும் தோலுடையும் செருப்புமாக அலங்காரத்துடன் புறப்படுகிறார். ஆனால் அது கன்னிவேட்டை என்பதை மறத்தலாகாது. தந்தையின் பதவியை ஏற்ற மகன் முதன்முதல் வேட்டைக்குப் போகும் சடங்கு அது. மணமகன் கோலம் போன்றது. பறை முழங்க, நாய்கள் முன்னோடப் பரிவாரத்துடன் செல்லும் வேட்டையில் மறைந்து நிற்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது? வலையை அறுத்தோடிய பன்றியை நாணனும் காடனும் பின்தொடரத் துரத்திச் சென்று, திண்ணனார் அதனைக் கொன்றது அம்பினாலன்று, சுரிகையினால். ஆதலால் அந்த அலங்காரம் ஊராரின் கண்ணுக்கு ஆனதேயன்றிப் பன்றியின் கண்ணுக்கு ஆனதன்று.

வேடன் என்னும் சொல்லும் வேடம் என்னும் சொல்லும் ஒலியால் ஒட்டி நிற்பவை, பிறப்பால் வேறு. முன்னது வேட்டம் என்பதோடு உறவுடையது; பின்னது வடமொழி வேஷம். ஆயினும் கந்தபுராணத்தில் இரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. வள்ளியைக் காண வேடனாக வந்த முருகன், நம்பிராசனும் வேடரும் வருவதைக் கண்டு வேங்கை மரமாகி நின்றான். இதனினும் சிறந்த உருமறைப்பு உண்டோ! ஆனால் வேடர் ஏமாறவில்லை. நேற்றுவரை இங்கே இல்லாத மரம் இன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டு, வெட்டவும் துணிந்தனர். நம்பிராசன் தடுத்தமையால் மரம் பிழைத்தது. காட்டை அறிந்தவனுக்கு மரத்தின் உருவம் பெரிதன்று. அது நிற்கும் இடமே கணக்கு.

அந்த வள்ளியின் குலத்தார் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் வேடர் நம் நாட்டிலேயே இருக்கின்றனர். சிங்களவர் வெத்தா என்பர். கண்டி அரசனிடம் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இவர்களைப் பற்றி ஒரு சுவையான செய்தி கூறுகிறார். இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து, ஒரு சுமை இறைச்சியையும், தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிட்டுப் போவார்களாம். கொல்லன் அவ்வண்ணம் அடித்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் இன்னோர் இரவில் அம்பு வரும். இலையை அம்புக்கு அச்சாகப் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு அதனை உடம்பிற் கட்டும் யோசனை தோன்றியிராது என்பதில்லை. தேவைப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1907, 1908ஆம் ஆண்டுகளில் இங்கு வந்து ஆராய்ந்து, 1911இல் பெருநூல் வெளியிட்ட செலிக்மன் தம்பதியர் காலத்தில், காட்டு வேடனின் உடை அரையிற் கட்டிய சிறு துணி ஒன்றே. தோளிற் கோடரி, கையில் வில். துணி கிடையாத முற்காலத்தில் ரிட்டி மரத்தின் பட்டையைத் தட்டி மெதுவாக்கிக் கட்டியதாகவும் சொல்வர். இவர்களுடைய வில்வித்தை நெடுந்தூரம் எய்வதன்று. விலங்குக்கு மிக அருகே ஊர்ந்து சென்று எய்வது. அருகே செல்பவனுக்குப் பகை மூன்று: காற்று, சத்தம், அசைவு. காற்று இவனிடமிருந்து மானை நோக்கி வீசினால் எந்த உடையும் உதவாது. முட்செடியில் உரசும் துணி ஒவ்வொன்றும் ஒரு பறை. மனிதத் தோலோ உரசினாலும் சத்தமிடாது.

இது நம் வேடர் மட்டும் கண்ட உண்மையன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரில் 1911இல் தனியனாக வெளிப்பட்ட யாகி இனத்து இசி என்பவரை வாசகரிற் சிலர் அறிந்திருக்கலாம். தம் குலத்தார் அனைவரும் அழிந்தபின் எஞ்சிய ஒருவர். 1916இல் காசநோயால் இறக்கும்வரை அவருடன் பழகி வில்வித்தை கற்றவர் சக்ஸ்ரன் போப் என்னும் வைத்தியர். இன்று அமெரிக்கர் பெருமையாகப் பேசும் வில்வேட்டைக்கு, போப் 1923இல் வெளியிட்ட நூல் ஒரு மூலநூல். இசி வேட்டைக்கு முதல்நாள் மீன் உண்ணார், புகைபிடியார்; விடியலில் ஓடையிற் குளித்து, வாசனைத் தழையை மேலெங்கும் தேய்த்து, அரைத்துணி மாத்திரம் கட்டிச் செல்வார் என்று போப் எழுதுகிறார். உடை பற்றைக்குள் சத்தம் போடும் என்பது இசி சொன்ன காரணம். விரதம் இருப்பவர் போல நீராடி, உண்ணாமல், புகையாமற் புறப்படும் அந்த மனிதருக்கும், கதிர்காமத்துக்கு நடந்துபோகும் எம் அடியாருக்கும் இடையே ஓர் ஒற்றுமையைக் கண்டு நாம் சற்று வியந்தோம்.

அப்படியானால் நம் வாலிபர் கொண்டுவந்த இலைச்சட்டை எங்கே பிறந்தது? காட்டிலன்று, போர்க்களத்தில். முதலாம் உலகப்போரின்போது, 1915இல், பிரெஞ்சு இராணுவம் ஓவியர்களைச் சேர்த்து உருமறைப்புக்கென்றே ஒரு பிரிவை அமைத்தது. பீரங்கிகளுக்கும் வண்டிகளுக்கும் நிறந்தீட்டுவது அவர் பணி. இரண்டாம் உலகப்போரில் அச்சிட்ட சீருடை பரவியது; போர் முடிந்தபின் மிஞ்சிய துணி வேட்டைக்காரர் கைக்கு வந்தது. மரப்பட்டை போல அச்சிட்டு வேட்டைக்கென்றே விற்கும் வியாபாரம் 1980இல் ஜிம் குரும்லி என்பவரால் தொடங்கி, 1986இல் வேறு இரு கம்பெனிகளால் பெருகிற்று. போப் வேட்டையாடிய காலத்தில் அத்துணி கடையிலேயே இல்லை. அதற்காக அவர் வெறுங்கையுடன் திரும்பியதில்லை.

உருமறைப்புத் துணி பயனற்றது என்று சொல்ல வரவில்லை. மனித உருவத்தின் விளிம்பை உடைத்துக் காட்டுவது அதன் வேலை. மரக்கிளையிற் பரண் கட்டி அசையாமல் இருப்பவனுக்கு அது உதவும். கை அசைந்தால் அந்த உதவி போயிற்று. நிறத்தைப் பொறுத்தவரை, மானின் கண்ணை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள் 1994இல் வெளியிட்ட முடிவு இது: மனிதக் கண்ணில் நிறம் காணும் உறுப்பணு மூன்று வகை, மானுக்கு இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் அது வேறு பிரித்தறிவது கடினம். நீல ஒளியையோ நன்றாகக் காணும். புலி செம்மஞ்சளாய் இருந்தும் மான் ஏமாறுவதன் இரகசியம் இதுவே. இதிலிருந்து எமக்கு ஒரு சங்கடமும் உண்டு. வெண்மை கூட்டும் சலவைத்தூளிலே தோய்த்தெடுத்த வேட்டி கோயிலுக்கு அழகு. காட்டிலோ மான் முதலிற் காண்பது அதனையே.

மறைவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அதனை நம் இதிகாசம் நன்கு அறிந்திருந்தது. மான் உருக்கொண்டு தன் மனைவியோடு இன்புற்றிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு மான் என்றே எய்தான். அந்தச் சாபத்தினாலே உயிர் துறந்தான். கண்ணபிரான் காட்டிற் படுத்திருக்கையில் அவர் பாதத்தை மானென மயங்கி அம்பெய்தவன் ஜரன் என்னும் வேடன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் பளிச்சென்ற செம்மஞ்சள் உடை அணியவேண்டும் என்று சட்டம் இருப்பது ஒரு வேட்டைக்காரன் இன்னொருவனைச் சுடாதிருப்பதற்காகவே. மானுக்கு மங்கலாகவும் மனிதனுக்குப் பிரகாசமாகவும் தோன்றும் நிறம்! நம் நாட்டிலோ, 1983 முதல் 2009 வரை நடந்ததைக் கண்ட எவருக்கும், புள்ளியும் கோடும் இட்ட அந்தத் துணியைக் கண்டதும் மானின் ஞாபகம் வருவதில்லை. ஒத்திகையில் அந்தச் சட்டை விரிந்தபோது பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வெளியே போனதை நாம் கண்டோம். எவரும் காரணம் கேட்கவில்லை.

இனி, எம் மனத்தை உறுத்திய விஷயத்துக்கு வருவோம். தம்மைக் காண வரும் வெள்ளையருக்கென்று வேடர் சிலர் பழங்கோலம் பூண்டு நிற்பதைச் செலிக்மன் தம்பதியரே அக்காலத்தில் குறித்திருக்கின்றனர். நூறாண்டுக்கு மேலாகியும் அது மாறவில்லை. மகாவலித் திட்டத்தோடு 1983இல் மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமாயிற்று. தம்பானைப் பகுதி வேடரின் வேட்டைநிலம் அதற்குள் அகப்பட்டது. பல குடும்பங்கள் ஹெனானிகலைக்குக் குடியேறின. முதுதலைவர் திசாஹாமி மறுத்துத் தம் ஊரிலேயே இருந்து 1998இல் காலமானார். அவருடைய மகன் வன்னில அத்தோ 1996இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதிகுடிகள் கூட்டத்துக்குச் சென்று, தம் மக்களின் காட்டுரிமையைக் கேட்டார். வேட்டையாடினால் வேடன் குற்றவாளி. அரைத்துணியும் கோடரியுமாக நின்றால் எல்லோரும் படம் பிடிப்பர். சத்தமின்றி மானை அணுகுவதற்காக உண்டான உடை, மான் இல்லாத இடத்தில் மனிதர் பார்ப்பதற்கென்று எஞ்சியது. வனவிலங்கைக் காக்கும் சட்டம் வேண்டாம் என்பது எமது கட்சி அன்று. மானும் மரையும் குறைந்து வரும் நாட்டில் அது வேண்டியதே. ஆனால் தொழிலை எடுத்துக்கொண்டு வேடத்தை மட்டும் வைத்திருக்கச் சொல்வது எவ்வகை நீதி?

வாகரை, மூதூர்ப் பக்கங்களில் தமிழ் பேசும் வேடர் சேலையும் சாரமும் சேர்ட்டும் உடுத்து, மீன்பிடித்தும் சேனை செய்தும் வாழ்கின்றனர். அவர்களைப் படம் பிடிக்க ஒருவரும் போவதில்லை. பார்ப்போர் எதிர்பார்க்கும் கோலத்தில் இல்லாமையால் அவர்கள் வேடர் அல்லர் என்று ஒரு நண்பர் எம்மிடம் வாதித்தார். மானைக் கண்டிராத நண்பர் அவர்; கொலன்னாவையிலே எண்ணெய்த் தாங்கிகளின் நிழலில் வளர்ந்த நாமும் கண்டதில்லை என்பதால் அன்று பேசாதிருந்தோம்.

நாடக விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். மாவிலை உடை இரண்டாம் நாளே காய்ந்துபோய், திண்ணனார் ஓரடி வைத்தால் சபை முழுவதும் சரசரப்புக் கேட்டது, வசனம் கேட்கவில்லை. இசி சொன்னது எத்துணை உண்மை! வெல்வெற்றுத் துணி விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. கடைசியில் சாயம் மங்கிய பழைய காவித்துண்டு ஒன்றை அரையிற் கட்டி, வில்லைக் கொடுத்து மேடையேற்றினோம். செருப்பு மட்டும் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தான். அடையாளத்துக்காகப் பெருமானின் கண்ணில் ஊன்றிய கால் செருப்புக் கால் அல்லவா என்று அவன் கேட்டபோது எம்மில் எவருக்கும் மறுமொழி இருக்கவில்லை. வாயிலிற் கிடந்தவற்றுள் அவன் காலுக்குப் பொருந்திய ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தோம்.