மெனெமென்: துருக்கி முட்டையும் கிணத்துக்கடவு தக்காளியும்

வாரம் முழுக்க சரவணம்பட்டியில் பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை காலையில் திடீர்னு சமையல் ஆசை வந்தா என்ன ஆகும்? வீட்ல இருக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான். போன மாசம் எங்க ஊர்ல (கிணத்துக்கடவு பக்கம்) அதுதான் நடந்துச்சு.

ஆரம்பிச்சு வெச்சது எங்க டீம்ல இருக்கிற ஒரு இஸ்தான்புல்காரர். நமக்கு பகல் பதினொன்னரைன்னா அவருக்குக் காலை ஒன்பது மணி. மீட்டிங்ல கேமராவ அணைக்க மறந்துட்டு, ரெண்டு காது வெச்ச ஒரு குட்டிச் சட்டியில் ரொட்டியைத் தொட்டுத் தொட்டு சாப்பிட்டுட்டு இருந்தார். "அது என்னங்க?"ன்னு கேட்டேன். "மெனெமென்"னார். இஸ்மிர் பக்கத்துல இதே பேர்ல ஒரு ஊரே இருக்கு. தக்காளி, பச்சை மிளகாய், முட்டை. அவ்வளவுதான் சமாச்சாரம்.

செய்முறை சுருக்கமா: அவங்க போடுற மிளகாய் காரமில்லாத நீள மிளகாய். நம்ம பஜ்ஜி மிளகாய் கிட்டத்தட்ட அதேதான். அதைப் பொடியா நறுக்கி எண்ணெயில் வதக்கணும். நல்லாப் பழுத்த தக்காளியைத் தோலை உரிச்சு, துருவிச் சேர்க்கணும். தண்ணி சுண்டி எண்ணெய் பிரியறப்போ முட்டைகளை உடைச்சு ஊத்தி, லேசா ஒரு கிண்டு. முழுசா வேக விடக்கூடாது, தளதளன்னு இருக்கும்போதே இறக்கிடணும். அவங்க ஆலிவ் எண்ணெயோ வெண்ணெயோ போடுவாங்க. எங்க வீட்ல கடலெண்ணெய்.

சட்டியை இறக்கி வெச்சதும் அப்பத்தா எட்டிப் பார்த்துச்சு. "ஏஞ் சாமி, நம்ம தக்காளித் தொக்குல முட்டைய ஒடச்சு ஊத்துனாப்ல இருக்குது. இதுக்கா துருக்கி வரைக்கும் போன?"

சித்தப்பா விடல. "வெளிநாட்டுத் தீனியெல்லாம் நமக்கு எதுக்குடா? நம்ம பாரம்பரியச் சாப்பாட்டுக்கு ஈடாகுமா?" இதைச் சொன்னப்போ அவர் தட்டுல இருந்தது இட்லியும் தக்காளிச் சட்னியும். அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்தச் சட்டியில் யாரு வெளிநாடு, யாரு உள்நாடு?

எண்ணிப் பார்க்கலாம் வாங்க.

முதல்ல மிளகாய். தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் செடி. கொலம்பஸ் 1492-ல் அந்தப் பக்கம் கரையேறினதுக்கு அப்புறம்தான் மத்த உலகத்துக்கே இது தெரியும். நமக்குக் கொண்டு வந்தது போர்ச்சுகீசியர்கள். காரத்துக்கு அதுவரைக்கும் நம்மகிட்ட இருந்தது மிளகு. அதனால புதுசா வந்த காய்க்கு 'மிளகு போல உறைக்கிற காய்'னு மிளகாய்னே பேர் வெச்சுட்டோம். இதுல சுவாரசியம் என்னன்னா, துருக்கிக்காரனும் இதையேதான் செஞ்சிருக்கான். அவன் மிளகாய்க்குச் சொல்ற வார்த்தை 'பிபெர்'. அது முதல்ல மிளகுக்கான பேர். இன்னிக்கு மிளகைத் தனியாச் சொல்லணும்னா 'கரா பிபெர்', அதாவது கருப்பு பிபெர். இந்த வார்த்தை கிரேக்கத்தோட 'பிபெரி'ல இருந்து வந்தது. அதுக்கும் மூலம் நம்ம பக்கத்து 'பிப்பலி', அதாவது திப்பிலி. முசிறியில் மிளகு ஏத்தின அதே காலத்து ரோமானியக் காசுகள் நம்ம வெள்ளலூரில் பானையோட கிடைச்சிருக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா நொய்யல் கரையோரம் கொடுமணல், கரூர்னு போன வியாபாரப் பாதை அது. ஆக, துருக்கிக்காரன் மெனெமென்ல மிளகாயைப் போடும்போது, அந்தப் பேர்ல நம்ம ஊர் வாசனையும் கொஞ்சம் விழுது.

அடுத்து தக்காளி. இதுவும் தென் அமெரிக்காவில் பிறந்து மெக்சிகோவில் வளர்ந்தது. ஆனா 'தக்காளி'ங்கிற வார்த்தை நம்மளோடது, பழசு. மணத்தக்காளி (எங்க பக்கம் சுக்குட்டிக் கீரை), வேலியோரம் மொளைக்கிற சொடக்குத் தக்காளி எல்லாம் முன்னாடியே இங்க உண்டு. கப்பல்ல வந்த பெருசுக்கு அதே பேரைக் குடுத்து, முன்னாடி 'சீமை'ன்னு ஒரு அடைமொழி ஒட்டினோம். 19-ஆம் நூற்றாண்டு முடியிற வரைக்கும் இந்தியாவில் இதைப் பெரும்பாலும் வெள்ளைக்காரங்களுக்காகத்தான் பயிர் பண்ணினாங்க. துருக்கியிலயும் சிவப்புத் தக்காளி பரவலானது அதே நூற்றாண்டுலதான். ரெண்டு ஊருக்கும் இது லேட்டா வந்த விருந்தாளி.

அப்பத்தாகிட்டயே கேட்டேன். "எங்கம்மா காலத்துல கொழம்பு, ரசம் எல்லாத்துக்கும் புளிதான் சாமி. சீமத்தக்காளி அப்புறம் வந்ததுதான"ன்னுச்சு. அதாவது, சித்தப்பாவோட 'பாரம்பரிய' தக்காளிச் சட்னி, அவரோட பாட்டிக்கே புதுசு!

எண்ணெய்? நிலக்கடலையும் தென் அமெரிக்காதான். வடக்கே விழுப்புரம் பக்கம் இதுக்கு மணிலாக்கொட்டைன்னு பேரு. எந்தத் துறைமுகத்துப் பேரை ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு பேர்லயே இருக்கு.

சரி, முட்டையாவது நம்ம நாமக்கல் முட்டைன்னு நெஞ்சை நிமிர்த்தலாமா? அங்க வெள்ளை முட்டை போடுறது லெகார்ன் வழி வந்த கோழி. லெகார்ன்ங்கிறது இத்தாலியில் இருக்கிற லிவோர்னோ துறைமுகத்துக்கு ஆங்கிலேயர் வெச்ச பேர். இத்தாலியில் இருந்து அமெரிக்கா போய், அங்க இனவிருத்தி ஆகி, இங்க வந்து கூண்டுல உக்காந்திருக்கு. (நாட்டுக்கோழிக்காரங்க அடிக்க வராதீங்க, உங்க கட்சி வேற.)

அப்ப எதுதான் நம்ம சாப்பாடு? எங்கிருந்து வந்துச்சுங்கிறதை வெச்சுச் சொல்ல முடியாது, யாரு பாடுபட்டா, யாரு தட்டுல விழுந்துச்சுங்கிறதை வெச்சுத்தான் சொல்லணும்னு எனக்குப் படுது.

சத்துணவுல 1989-ல் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை போட ஆரம்பிச்சாங்க. 2006-ல் வாரம் ரெண்டு, 2007-ல் மூணு, 2010-ல் அஞ்சு. அந்த வரிசையில தட்டோட நின்னவன் நான். லிவோர்னோவாவது ஒன்னாவது, எனக்கு அது எங்க பள்ளிக்கூடத்து முட்டை.

தக்காளி எங்களுக்கு இன்னும் நெருக்கம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2, கோ 3-ன்னும், பெரியகுளத்துல பி.கே.எம் 1-ன்னும் ரகங்கள் விட்டாங்க. அந்தச் செடியை நம்பி கிணத்துக்கடவு, உடுமலை பக்கம் எத்தனையோ குடும்பம் பிழைக்குது. எங்க அப்பாருவும் தக்காளிதான் போட்டார். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு வருஷம் விலை படுத்துடுச்சு. மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போன பெட்டிகளை அப்படியே திருப்பிக் கொண்டு வந்து, காட்டு மூலையில மாட்டுக்குக் கொட்டினார். "பறிச்ச கூலிக்கே கட்டல"ன்னு ஒரே வார்த்தை. ராத்திரி சாப்பிடாம படுத்துட்டார். அடுத்த வருஷமும் அதையேதான் நட்டார்.

துருக்கியில கோடை முடியறப்போ மிஞ்சின தக்காளியை விழுதாக்கி, தாம்பாளத்துல பரப்பி, வெயில்ல காய வெச்சு வருஷம் முழுக்க வெச்சுக்குவாங்க. 'சால்ச்சா'ன்னு பேரு. நாமளும் மிளகாயை வத்தலாக்கக் கத்துக்கிட்டோம். ஆனா தக்காளி விஷயத்துல எங்க வீட்ல அன்னிக்கு அந்த யோசனை யாருக்கும் வரல. அப்பாரு கொட்டினது எல்லாம் மெனெமெனுக்கு ஏத்த மாதிரி நல்லா கனிஞ்ச பழம். சட்டியைக் கிண்டும்போது எனக்கு அந்த மூலைதான் ஞாபகம் வந்துச்சு.

கடைசியா ஒரு சண்டை. மெனெமென்ல வெங்காயம் போடலாமா கூடாதாங்கிறது துருக்கியில பெரிய பஞ்சாயத்து. 2018-ல் வேதாத் மிலோர்ங்கிற உணவு விமர்சகர் ட்விட்டர்ல ஓட்டெடுப்பே நடத்தினார். நாலு லட்சத்துக்கு மேல ஓட்டு விழுந்து, வெங்காயக் கட்சி 51 சதவீதத்துல தப்பிச்சுது. நான் வெங்காயம் போடாமத்தான் செஞ்சேன். அப்பத்தா ஒரு வாய் சாப்பிட்டுட்டு, எந்திரிச்சுப் போய் நாலு சின்ன வெங்காயத்தை உரிச்சு அரிஞ்சு, மேல தூவிட்டு, "இப்பச் சாப்புடு"ன்னுச்சு.

சித்தப்பா? இட்லிக்குத் தொட்டுக்க ரெண்டு தடவை வாங்கினார். சட்டி காலி.

உங்க ஓட்டு எந்தக் கட்சிக்கு மக்களே?