அயலவர் கூடிய மேசை

பலெர்மோவின் பலாரோ சந்தைப்பக்கம் எங்களோடு மேற்கு ஆபிரிக்கர்களும் வாழ்கிறார்கள். அவர்களது நாடுகளின் கதையொன்றை இம்மாதம் சொல்கிறேன்.

2012 மார்ச்சில் மாலி நாட்டு இராணுவத்தினர் ஜனாதிபதி தூரேயைக் கவிழ்த்தனர். 'எக்கோவாஸ்' எனும் மேற்கு ஆபிரிக்க நாடுகளின் அமைப்பு பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஏப்ரல் 2 இல் எல்லைகளை மூடி, பொது மத்திய வங்கியில் மாலியின் கணக்கையும் முடக்கியது. 6 ஆம் திகதி உடன்பாடு கையெழுத்தானது. 12 ஆம் திகதி நாடாளுமன்றத் தலைவர் திராவோரே இடைக்கால ஜனாதிபதியானார். நடுவராக நின்ற புர்க்கினா பாசோ ஜனாதிபதி கொம்பாவோரே, 1987 இல் தானும் இராணுவப் புரட்சியால் வந்தவர்தான்!

எங்கள் பக்கம் எப்படி? 1985 இல் டாக்காவில் உருவான சார்க், இருநாட்டுப் பிணக்குகளும் சர்ச்சைக்குரிய விடயங்களும் பேசப்படமாட்டா என்று சாசனத்திலேயே எழுதிவைத்தது. எங்கள் பிரச்சினைக்கு அங்கே இடமிருக்கவில்லை.

எக்கோவாஸ் மேசையும் உறுதியானதல்ல. 2023 இல் நைஜரில் புரட்சி நடந்தபோது படையனுப்புவோம் என்று மிரட்டினார்கள். நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. வருந்தியவர்கள் சாதாரண சனங்கள். 2025 ஜனவரியில் மாலி, நைஜர், புர்க்கினா பாசோ மூன்றும் விலகின.

ஆனாலும் நேயர்களே, குறையுள்ள மேசையைத் திருத்தலாம். மேசையே இல்லாததன் விலை எங்களுக்குத் தெரியும்.