சேப்பாக்கமும் கோட்டை மைதானமும்

கஞ்சிக்கோட்டு ஆலைகளை நம்பி வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், ரஞ்சிக் கோப்பைப் பருவம் வந்துவிட்டால் ஒரு வழக்கு மூள்வதுண்டு. தந்தையார் தமிழ்நாட்டு அணியின் பக்கம் நிற்பார். இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த மகனோ கேரள அணியின் பக்கம் நிற்பான். அவ்வழக்கிலே தீர்ப்புரைப்பது எளிதன்று. ஆயினும் வழக்காடுவோர் இரு தரப்பின் வரலாற்றையும் அறிந்து வழக்காடுதல் நலம்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. சென்னை அணி மைசூர் அணியை ஒரே நாளில் வென்றது. அன்று 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. ராம்சிங். பஞ்சாபிலிருந்து குடிபெயர்ந்து சென்னையை ஊராக ஏற்றுக்கொண்ட சீக்கியக் குடும்பத்தவர் அவர்.

கோப்பை கைக்கு வர இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1954-55-இல் பாலு அளகண்ணன் தலைமையில், இந்தூரில் ஹோல்கர் அணியை வென்று சென்னை வாகை சூடியது. அவ்வணியில் ஒளிவிட்ட இளைஞர் கிருபால்சிங், ராம்சிங்கின் மைந்தர். 1955-இல் ஐதராபாத்தில் நியூசிலாந்தை எதிர்த்து ஆடிய தம் முதல் டெஸ்ட் போட்டியிலேயே சதம் அடித்தார். அவர்தம் தம்பி மில்காசிங்கும் இந்திய அணியில் ஆடினார்.

அடுத்த கோப்பை 1987-88-இல் வாசுதேவன் தலைமையில் வந்தது. 1988-89 பருவத்தில், கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 912 ஓட்டங்களைக் குவித்தபோது டபிள்யூ. வி. ராமன் 313 ஓட்டங்களும் அர்ஜன் கிருபால்சிங் 302 ஓட்டங்களும் எடுத்தனர். அர்ஜன் கிருபால்சிங்கின் மைந்தர், ராம்சிங்கின் பேரர். குடியேறிய ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக, வந்த ஊரின் அணிக்கே தன் உழைப்பை ஈந்தது. வந்தவர் யார், இருந்தவர் யார் என்னும் கேள்வியை அவ்வோட்டங்களே அடக்கிவிட்டன.

இனி, நம் வாயிற்படிக்கு வருவோம். பாலக்காட்டுக் கோட்டை மைதானமும் புகழிற் குறைந்ததன்று. 1959-60-இல் ஆந்திர அணிக்கு எதிராகப் பாலன் பண்டிட் ஆட்டமிழக்காமல் 262 ஓட்டங்கள் எடுத்தது இவ்வூரிலேதான். அன்று ஜார்ஜ் ஆபிரகாமும் அவரும் சேர்ந்து குவித்தவை 410 ஓட்டங்கள். நெடுங்காலம் எளிய அணியென எண்ணப்பட்ட கேரளம், 2024-25 பருவத்தில் சச்சின் பேபியின் தலைமையில் முதன்முறையாக இறுதியாட்டத்தை எட்டியது. விதர்ப்பாவிடம் முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் கோப்பையை இழந்தாலும், பெருமையை இழக்கவில்லை.

தமிழ்நாட்டு இளைஞர்களும் சோர்ந்துவிடவில்லை. 2023-24-இல் சாய் கிஷோர் 53 விக்கெட்டுகளை வீழ்த்தி, தம் அணியை அரையிறுதி வரை நடத்திச் சென்றார். சாய் சுதர்சன் 2025 ஜூனில் லீட்சில் தம் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சில் ஓட்டமின்றி வெளியேறினார். அன்றே அவரைத் தூற்றியோர் பலர். ஓர் அணி முதற் கோப்பைக்கு இருபது ஆண்டும், அடுத்ததற்கு அதனினும் நீண்ட காலமும் பொறுத்திருந்ததை அறிந்தவர், ஓர் இளைஞனுக்கு ஒரு பருவமேனும் பொறுக்க மாட்டாரா?

ஆகவே, பெற்றோர்களே, மகன் கேரள அணிக்கு ஆரவாரம் செய்தால் மனம் வருந்த வேண்டா. ராம்சிங் குடும்பத்தாரும் தாம் குடியேறிய சென்னைக்கே ஆடினர். நாளை நம் குடியிருப்புப் பிள்ளையொருவன் கேரளத் தொப்பியணிந்து சேப்பாக்கத்தில் பந்துவீச நேரலாம். அன்று எப்பக்கம் அமர்ந்தாலும், கை தட்டுவோர் நாமாகவே இருப்போம்.