லயமும் ஆலயமும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழ்க் கிறித்தவர்தம் சமூக வாழ்வும் பணியும்

மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றை எழுத முற்பட்டோர் மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, தொழிற்சங்கம், கள்ளுக்கடை ஆகிய நான்கினையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதே லயங்களில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவரைப் பற்றியோ ஓரிரு வரிகளுக்கு மேல் எழுதப்படவில்லை. அவர்கள் தொகையிற் சிறுபான்மையினர் என்பது உண்மையே. எனினும், கூலிகள் என்று தொகையாக மட்டுமே எண்ணப்பட்ட மக்களைத் தனித்தனிப் பெயரிட்டு, தாய் தந்தையர் பெயரோடு பதிந்து வைத்த ஏடுகள் இச்சிறு கூட்டத்தாரிடம் இருந்தன. இது நம் ஆய்வுலகம் போதிய அளவு கவனியாத செய்தியாகும். இக்கட்டுரையில் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களை மையமாகக் கொண்டு, பெரிதும் கத்தோலிக்கரையும் வேண்டுமிடத்துப் பிற சபையாரையும் நோக்குவோம்.

சுங்கை ஊஜோங்கில் 1874இல் பிரிட்டிஷ் ஆதிக்கம் காலூன்றியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை 1891இல் திறக்கப்பட்டது. காப்பித் தோட்டங்களும் அவற்றைத் தொடர்ந்து இரப்பர்த் தோட்டங்களும் பெருக, கங்காணிகள் வழியே தமிழகத்து மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். சிரம்பான் நகரில் மாதா சந்திப்பு ஆலயமும், 1899இல் தூய பவுல் கல்விக்கூடமும், 1904இல் கன்னியர்மடப் பள்ளியும் எழுந்தன. இப்பள்ளிகள் ஆங்கிலக் கல்வியைத் தந்தன. அவற்றால் பயனடைந்த தமிழர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரும் நகரத்து எழுத்தர் குடும்பத்தினருமே. பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்குச் சிரம்பான் எட்டாத தொலைவாகவே இருந்தது. ஆக, ஒரே மறையைச் சார்ந்த தமிழரிடையே நகரத்தார், தோட்டத்தார் என்னும் பிளவு தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

தோட்டத்தாருக்கென வாய்த்தவர் உபதேசியார். அவரைப் புரிந்துகொள்ளப் புதுச்சேரியை நினைவுகூர வேண்டும். பாரிசு வேதபோதகச் சபையார் 1776இல் புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழகத்து மறைப்பணியை ஏற்றனர். மலாயாவிலும் அச்சபையாரே பணியாற்றினர். இத்தொடர்பினால் தமிழறிந்த குருக்கள் இங்குக் கிடைத்தனர். பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஒரு குடியேற்றத்தை உருவாக்கிய ரெனே ஃபே அடிகளார், பின்னர் 1896 முதல் 1904 வரை மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயராகவே விளங்கினார். ஆயினும் சிதறிக் கிடந்த தோட்டங்களுக்கு ஒரு குரு ஆண்டில் ஒரு சில முறையே வந்து போக முடியும். எஞ்சிய நாள்களில் செபம் சொல்லிக் கொடுத்தல், நோயாளியைச் சந்தித்தல், சாகுந்தறுவாயில் உள்ள குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் அளித்தல், பிணத்தை அடக்கம் செய்தல் யாவும் உபதேசியார் கடமையாயின.

பல இடங்களில் இவ்வுபதேசியாரே தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேற்பட்ட தோட்டங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிய நிருவாகத்திற்கு உபதேசியார் கண்முன் நின்றார். ஊருக்குக் கடிதம் எழுத, வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல, பண அஞ்சல் படிவம் நிரப்ப, இந்துக்களும் முசுலிம்களும் அவரிடமே வந்தனர். சமயப் பரப்புதலைக் காட்டிலும் இந்த எழுத்துப்பணியே அவருக்கு லயங்களில் மதிப்பைத் தேடித் தந்தது என்பது நம் கருத்து.

ஆனால் இதற்கொரு விலையும் இருந்தது. ஆசிரியருக்குச் சம்பளம் தந்தவர் துரை. அச்சம்பளத்தை நம்பியிருந்தவர் தொழிலாளியின் குறையை எடுத்துரைப்பது எளிதன்று. கள்ளுக்கடைச் சிக்கலில் இது தெளிவாகிறது. திருச்சபைகள் கள்ளைக் கண்டித்தன. மெதடிசுத்தார் இதில் மிகக் கண்டிப்பானவர்கள். எனினும் அவர்தம் முறை, தனிமனிதன் குடியை விடுவதாக உறுதி பூணுதல். கடையையே மூடவேண்டும் என்னும் கோரிக்கை 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்திலும், 1947இல் கெடா மாநிலத்தில் மறியல் நடத்திய தொண்டர் படையாலும் எழுந்ததே ஒழிய, ஆலய மேடையிலிருந்து எழவில்லை. நெகிரி செம்பிலானிலும் கூலிக்கும் உரிமைக்கும் குரல் கொடுத்தது 1946இல் தோன்றிய இந்தியத் தொழிலாளர் சங்கமே. அச்சங்கத்தில் பணியாற்றிய பி.பி. நாராயணன் பின்னர் 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தினார். ஆலயத்தின் தொண்டினைப் போற்றும் நாம் இம்மௌனத்தையும் பதிவு செய்தல் வேண்டும்.

இனி ஏடுகளுக்கு வருவோம். ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரியில் குழந்தையின் பெயர், பிறந்த நாள், தந்தை பெயர், தாய் பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர் பெயர்கள், குருவின் கையொப்பம் இடம்பெறும். தாயின் பெயர் தவறாமல் எழுதப்படுவதே அக்காலத் தோட்ட ஆவணங்களில் அரிய செய்தி. அதனினும் பயனுடையவை ஞானப்பெற்றோர் பெயர்கள். கடல் கடந்து வந்தோர்க்கு மாமன், அத்தை என உறவுகள் அருகில் இல்லை. அந்த இடத்தை ஞானப்பெற்றோர் நிரப்பினர். யார் யாருக்கு ஞானத்தந்தை ஆனார் என்று வரிசையாகப் பார்த்தால், கங்காணி தன் ஆள்களோடு கொண்ட பிணைப்பும், ஒரே கப்பலில் வந்தோர், ஒரே ஊரார் ஆகியோரின் நட்பும் தெரியவரக் கூடும். சாதி எல்லைகள் எங்கே காக்கப்பட்டன, எங்கே தளர்ந்தன என்பதையும் இவ்வரிசையிலிருந்தே அறிய வாய்ப்புண்டு. தமிழகத்துத் திருச்சபைகளில் சாதி பெரும்பூசலாக இருந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமையை அறவே நீக்க ஆணையிட்டார். லைப்சிக் லுத்தரன் மிசனாரோ அதனைச் சமூக வழக்கமென விட்டுக் கொடுத்தனர். இப்பூசலைச் சுமந்து வந்தவர்களே இங்குள்ள லயங்களிலும் அருகருகே வாழ்ந்தனர்.

திருவிழாக்கள் வேறொரு முகத்தைக் காட்டுகின்றன. செப்டம்பர் 8ஆம் நாள் ஆரோக்கிய மாதா திருநாளும், சூன் 13ஆம் நாள் அந்தோனியார் திருநாளும் தமிழ்க் கத்தோலிக்கர் தம்மோடு கொண்டுவந்தவை. கொடியேற்றம், சப்பரம், வேண்டுதலுக்கு மெழுகுவர்த்தி, விழா முடிவில் சோறு ஆகியவற்றின் அமைப்பு அயலிலிருந்த மாரியம்மன் திருவிழாவை அறிந்த எவருக்கும் அந்நியமன்று. புக்கிட் மெர்தாஜாமில் உள்ள அன்னம்மாள் திருத்தலத்திற்குச் சூலை மாதத்தில் இந்துக்களும் திரளாகச் செல்லும் வழக்கத்தை இன்றும் காண்கிறோம்.

போர்க்காலம் (1942–1945) பற்றிய எழுத்துகளில் ஒரு முரண் நம்மை உறுத்துகின்றது. நெகிரி செம்பிலானின் கத்தோலிக்க வரலாறு என்றதும் பலரும் குறிப்பிடுவது பகாவ் குடியேற்றமே. 1943இன் இறுதியில் சிங்கப்பூரிலிருந்து யுரேசியரும் சீரருமான கத்தோலிக்கர் ஆயர் தெவால்சு தலைமையில் அங்குக் குடியேறினர். மலேரியாவும் பசியும் பலரைப் பலி கொண்டன. ஆயரும் 1945 சனவரியில் மறைந்தார். அக்குடியேறிகள் ஆங்கிலம் எழுதியோர். ஆதலின் நினைவுக் குறிப்புகள் பல கிடைக்கின்றன. அதே காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் பெயர்ப் பட்டியல் எங்கே? திரும்பி வாராதவர்களின் குடும்பங்களைத் தேட முற்படுவோர்க்குத் திருமணப் பதிவேடுகளில் ‘கைம்பெண்’ எனக் குறிக்கப்பட்டவர்களின் மறுமணப் பதிவுகள் ஒரு தடயமாகலாம்.

அவசரகாலத்தில் நிலை மேலும் மாறியது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்சு திட்டத்தின்படி சீரர் புதுக்கிராமங்களிலும் தோட்டத் தொழிலாளர் முள்வேலிக்குள்ளும் திரட்டப்பட்டனர். ஊரடங்கினால் மாலைச் செபக்கூட்டம் வேலியைத் தாண்டவியலாது போயிற்று. சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட மேலைநாட்டு மறைப்பணியாளர் பலர் இக்காலத்தில் மலாயா வந்தனர். சீனமொழி அறிந்த அவர்கள் இயல்பாகவே புதுக்கிராமங்களை நாடினர். தோட்டத்துத் தமிழர்க்கு அத்தகைய வரவு ஏதுமில்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்த பின்னர்த் தமிழகத்திலிருந்து புதிய உபதேசியார் வருவதும் அருகியிருத்தல் கூடும்.

1955இல் கோலாலம்பூர் மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, இலங்கையிற் பிறந்த தோமினிக் வெண்டார்கன் முதல் ஆயரானார். நெகிரி செம்பிலான் அவர் ஆளுகைக்கு உட்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை (1962–1965) அடுத்து இலத்தீன் திருப்பலி தமிழில் ஒலித்தது. 1976இல் தீபகற்ப மலேசியக் குருக்கள் ஒரு மாத காலம் ஒன்றுகூடி நடத்திய கலந்தாய்வு, அடிப்படைக் கிறித்தவச் சமூகங்களைக் கட்டியெழுப்புவதை முதன்மை நோக்கமாக்கியது. தமிழர் இதனை ‘அன்பியம்’ என்பர். அண்டை வீட்டார் கூடிச் செபித்து, ஒருவர்க்கொருவர் உதவும் இந்த அமைப்பு தோட்டத்தாருக்குப் புதிதன்று. லயம் ஏற்கெனவே அவ்வாறுதான் இயங்கியது. புதியதாய் வந்த சிக்கல் மொழியே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் குடும்பங்கள் சிரம்பான், செனவாங், நீலாய்ப் பகுதித் தாமான்களுக்குப் பெயர்ந்தபோது, அங்கே அண்டை வீட்டார் சீரராகவும் யுரேசியராகவும் இருந்தனர். கூட்டத்தின் மொழி ஆங்கிலமானால் பாட்டி வாய் மூடியிருப்பாள். தமிழானால் ஆங்கிலப்பள்ளியிற் படித்த எழுத்தர் குடும்பம் வாராது. நூறாண்டுக்கு முந்தைய பிளவு வரவேற்பறைக்குள் வந்து அமர்ந்தது.

செண்டாயான் போன்ற தோட்ட நிலங்கள் இன்று நகர்களாகிவிட்டன. தோட்டத்துச் சிற்றாலயம் நின்ற மண் நிருவாகத்துக்கு உரியது. நிலம் கைமாறும்போது கட்டடமும் போகும். பங்கு ஆலயங்களின் பதிவேடுகள் ஓரளவு காக்கப்படுகின்றன. உபதேசியார் தம் கையால் எழுதிய வருகைக் குறிப்பேடு, சந்தாக் கணக்கு, கல்லறைப் பட்டியல் ஆகியவையோ எவர் வீட்டுப் பெட்டியிலோ கரையானுக்கு இரையாகின்றன. தமிழாசிரியர்கள் தம் மாணவர் குடும்பங்களில் இவற்றை விசாரிக்கலாம். பங்கு ஏடுகளைப் படிப்பதிலும் தமிழறிவு தேவைப்படுகிறது. பிரெஞ்சுக் குருவின் செவிக்கு எட்டியவாறு இலத்தீன் எழுத்தில் எழுதப்பட்ட சவரிமுத்துவும் ஆரோக்கியமும் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு உருவில் காணப்படுவர். அவ்வுருவங்கள் ஒருவரையே குறிப்பன என்பதைத் தமிழ்ப் பெயரின் ஒலியறிந்தவரே எளிதில் உணர்ந்துகொள்வர்.