சமனாக்கல்: யாருடைய காதுக்குச் சமம்?

ஊரைவிட்டுப் போன நண்பர் ஒருவர் தன்னுடைய விலையுயர்ந்த ஹெட்ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ‘கேஸட் கேட்டு எழுதுதீங்கள்லா, ஒங்களுக்குத்தான் ஒதவும்’ என்றார். 1996இல் நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் பீடி சுற்றும் பெண்களிடம் நாங்கள் எடுத்த பேட்டிகள் இப்போது கணினிக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. அவற்றை மறுபடி கேட்டு, அன்று எழுதிய பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

ஹெட்ஃபோனைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர், ‘இதச் சும்மா கேக்கக் கூடாது, ஈக்வலைசர் போட்டுத்தான் கேக்கணும்’ என்றார். இசைத்தட்டுச் சேகரிப்பாளரான இன்னொரு நண்பருக்குக் கோபமே வந்துவிட்டது. ‘இவ்வளவு வெல போட்டு வாங்குன பொருள்ல ஈக்வலைசரா? அது கலப்படம். அசல் ஒலி கெட்டுப்போகும்’ என்றார். ‘அசல்’, ‘கலப்படம்’, ‘தூய்மை’ என்ற சொற்கள் எந்தத் துறையிலிருந்து வந்தாலும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். யோசிக்கப் போய், ‘சமனாக்கல்’ என்கிற இந்தச் சொல்லின் வரலாற்றுக்குள் இறங்க வேண்டியதாயிற்று.

சொல் பிறந்த இடம் இசை அல்ல, தொலைபேசி. கம்பி நீள நீள, அதில் போகும் குரலின் உயர் அதிர்வெண்கள்தான் கூடுதலாகத் தேயும். அடித்தொண்டைச் சத்தம் போய்ச் சேரும். ‘ச’வும் ‘ஸ’வும் வழியிலேயே செத்துப்போகும். 1915இல் நியூயார்க்குக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு திறக்கப்பட்டபோது, அதைச் சாத்தியமாக்கியவற்றில் வெற்றிடக் குழல் பெருக்கிகள் முக்கியமானவை. ஆனால் பெருக்கி எல்லாவற்றையும்தான் பெருக்கும். ஏற்றத்தாழ்வும் சேர்ந்து பெருகும். ஆகவே தேயாமல் வந்துசேர்ந்த தாழ் அதிர்வெண்களையும் வேண்டுமென்றே தேயவைக்கும் ஒரு மின்சுற்றை இடையில் வைத்தார்கள். எல்லாம் ஒரே அளவுக்கு இழந்துபோன பிறகு, மொத்தத்தையும் பெருக்கினார்கள். இதுதான் ‘ஈக்வலைசர்’. மேலே இருப்பதைக் கீழே இறக்கி அடைந்த சமத்துவம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் உருவகத்தை ரொம்ப நீட்டக் கூடாது, அது கம்பியைப் போலவே தேய்ந்துபோகும். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. தொலைபேசிக் காலத்தில் ‘எதற்குச் சமம்’ என்ற கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் இருந்தது. அந்த முனையில் போன குரலுக்கு இந்த முனையில் வரும் குரல் சமம். முனைகள் இரண்டும் கையில் இருந்தன, அளந்து பார்த்துவிடலாம்.

இசைத்தட்டு வந்தபோது முனைகளில் ஒன்று காணாமல் போயிற்று. என் சேகரிப்பாள நண்பருக்கு நான் சொன்ன பதிலும் இங்கிருந்துதான். தாழ் சுரங்களை உள்ளபடி வெட்டினால் இசைத்தட்டின் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். ஆகவே தட்டு வெட்டும்போது தாழ் அதிர்வெண்ணைக் குறைத்து, உயர் அதிர்வெண்ணைக் கூட்டி வெட்டுவார்கள்; கேட்கும்போது பெருக்கி அதைத் தலைகீழாகத் திருப்பும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. 1954இல்தான் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கத்தின் வளைவு பொதுவான நியமமாயிற்று. அதன்படி, கேட்கும்போது 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்டப்படுகிறது, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் குறைக்கப்படுகிறது. ஆக, ‘ஈக்வலைசர் கலப்படம்’ என்று சொல்கிற நண்பர், நாற்பது டெசிபலுக்குக் கொஞ்சம் குறைவான ஒரு ஈக்வலைசர் வழியாகத்தான் தன் தூய ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 1970களிலும் 80களிலும் உயர்தரப் பெருக்கிகளின் முகப்பிலிருந்து தாழ்சுர, உயர்சுரத் திருகுகளைக் கழற்றியெறிந்தது ஒரு தூய்மைவாத இயக்கம். திருகுகள் போயின. உள்ளே இருந்த வளைவு போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத திருத்தம் ‘இயற்கை’. கேட்பவர் கையால் திருகும் திருத்தம் மட்டும் ‘கலப்படம்’!

அசல் என்ற ஒன்றைத் தேடிப் போனாலும் அது பின்வாங்கிக்கொண்டே போகிறது. இசைப்பதிவு என்பது ஒரு ஒலிப்பொறியாளர், ஏதோ ஒரு அறையில், ஏதோ ஒரு ஒலிபெருக்கியில் கேட்டு, ‘சரியா இருக்கு’ என்று தீர்மானித்தது. அந்த ஒலிபெருக்கியை நல்லது என்று தீர்மானித்தது எப்படி? நல்ல பதிவுகளைப் போட்டுக் கேட்டுத்தான். கனடிய ஒலியியலாளர் ஃபிளாய்ட் டூல் இதைக் ‘குழப்பத்தின் வட்டம்’ என்று பெயரிட்டு எழுதியிருக்கிறார். பிரதிக்கு வெளியே மூலம் இல்லை என்று நாம் இந்தப் பக்கங்களில் மூச்சுமுட்ட விவாதித்ததை, ஒரு பொறியாளர் அலட்டல் இல்லாமல் சொல்லிவிட்டார்.

ஹெட்ஃபோனில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றுகிறது. ஒலிபெருக்கி எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவில் வெளியிட்டால் ‘தட்டையானது’ என்று பாராட்டலாம். ஹெட்ஃபோன் அப்படித் தட்டையாக இருந்தால் சகிக்காது. காரணம் நம் உடம்பு. காதுக் குழல் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனையில் செவிப்பறையால் அடைபட்ட குழாய். அது 3000 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும். மடலும் தலையும் தோளும் தத்தம் பங்குக்கு ஒலியை மாற்றும். வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அடையும்போது அந்த இடத்தில் பத்து டெசிபலுக்கு மேல் கூடியிருக்கும். பிறந்ததிலிருந்து இப்படியே கேட்பதால் நமக்கு அது கூடுதலாகத் தெரிவதில்லை. ஹெட்ஃபோன் தலையையும் தோளையும் தாண்டிக் காதோடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே உடம்பு செய்த வேலையை ஹெட்ஃபோனே செய்துதர வேண்டும். சரி, எந்த உடம்பு?

இந்தக் கேள்விக்குக் கடந்த நூற்றாண்டு தந்த பதில்களை வரிசையாகப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 1933இல் பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் மன்சனும், எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான வளைவுகளை வெளியிட்டார்கள். பின்னால் உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் ஏறிய ‘மனிதச் செவி’ அது. கேட்டுச் சொன்னவர்கள் பதினொரு பேர். ‘இயல்பான செவித்திறன்’ என்பதற்கு அமெரிக்காவில் 1951இல் ஒரு பூஜ்யம் குறிக்கப்பட்டது. 1964இல் சர்வதேச நியமம் அந்தப் பூஜ்யத்தை ஏறத்தாழ பத்து டெசிபல் நகர்த்தியது. ஒருவருடைய காதும் மாறவில்லை. ஆனால் பழைய பூஜ்யத்தின்படி இயல்பாக இருந்தவர் புதிய பூஜ்யத்தின்படி கொஞ்சம் செவிடாகிவிட்டார். தொழிற்சாலை இரைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டவர்களுக்கு இந்தப் பத்து டெசிபல் கணக்கு வெறும் கணக்கு அல்ல.

1972இல் நோல்ஸ் நிறுவனம் கெமார் என்ற ஒலியியல் பொம்மையைக் கொண்டுவந்தது. வயதுவந்தோரின் சராசரி அளவுகளில் தலை, கழுத்து, தோள், ரப்பர் மடல், உள்ளே செவிப்பறை இருக்க வேண்டிய இடத்தில் ஒலிவாங்கி. இந்த பொம்மைக்கு இரண்டு அளவில் காது மடல் உண்டு. பெரியது அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களுக்கு உரியதாம். சிறியது அமெரிக்க, ஐரோப்பியப் பெண்களுக்கும், ஜப்பானிய ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாம்! மேற்கத்திய ஆண் ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாம் இன்னொரு பக்கம். ‘மற்றமை’ பற்றி எத்தனையோ தத்துவக் கட்டுரைகளை மொழிபெயர்த்திருக்கிறோம். அதை ரப்பரில் வார்த்து, விலைப்பட்டியலில் எண் போட்டு விற்றிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. கருவி செய்கிறவனுக்கு ஏதாவது ஒரு அளவு வேண்டும், கைக்குக் கிடைத்த உடம்புகளை அளந்தான்.

1986இல் ஜெர்மானியரான குந்தர் தைலே, ஸ்டுடியோ ஹெட்ஃபோன்களுக்கு நியமமாக, எல்லாத் திசையிலிருந்தும் சமமாக ஒலி வந்து விழும் ஒரு களத்தில் காது எப்படிக் கேட்குமோ அந்த வளைவை முன்வைத்தார். பலருக்கு அது மெலிந்து, கூசலாகக் கேட்டது. யாரும் அப்படியொரு களத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லையே. 2013 வாக்கில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் வேறு வழியில் போனார்கள். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பதைப் பொம்மையின் காதில் அளந்தார்கள். பிறகு மனிதர்களைக் கூப்பிட்டு, தாழ்சுரத்தையும் உயர்சுரத்தையும் பிடித்த மாதிரி திருகச் சொன்னார்கள். பிறகு நான்கு நாடுகளில், அதாவது அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனாவில், 238 பேரிடம் சோதித்தார்கள். இதுதான் இன்று ‘ஹார்மன் இலக்கு’. அன்று ஒலித்தூய்மை பேசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஹெட்ஃபோனை அளந்து, இந்த வளைவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகியதை ஈக்வலைசரால் திருத்திக்கொள்கிறார்கள். விலை அதிகமானால் விலகல் குறையும் என்றும் இல்லை. சென்ஹைசர் எச்.டி. 800 என்ற ஹெட்ஃபோன் 2009இல் சுமார் 1400 டாலருக்கு வந்தது. 6000 ஹெர்ட்ஸை ஒட்டி அதில் ஒரு துருத்தல் இருந்தது ஊரறிந்த விஷயம். பின்னால் வந்த எச்.டி. 800 எஸ் ரகத்தில் அதை அடக்க உள்ளேயே ஓர் உறிஞ்சியை வைத்தார்கள். அதே துருத்தலை இலவச மென்பொருளில் ஒரு வரி எழுதி அடக்கலாம்.

ஆலிவ் குழுவினரின் நேர்மை எனக்குப் பிடித்தது. இது மனித இயற்கை என்று அவர்கள் சொல்லவில்லை. விருப்பம் என்றே சொன்னார்கள். பிந்தைய ஆய்வொன்றில் அந்த விருப்பத்தையும் பிரித்துக் காட்டினார்கள். 64 சதவீதம் பேருக்கு இந்த வளைவு பிடிக்கிறது. 15 சதவீதம் பேர் தாழ்சுரம் இன்னும் வேண்டும் என்கிறார்கள், பெரும்பாலும் ஆண்கள். 21 சதவீதம் பேருக்குத் தாழ்சுரம் குறைய வேண்டும். அவர்களில் பெண்களும் ஐம்பதைத் தாண்டியவர்களும் அதிகம். பெரும்பான்மை 64 என்பது ஒரு தகவல். ஆனால் பெட்டியில் அடைபட்டு வரும்போது அது ‘சரியான ஒலி’ ஆகிவிடுகிறது. மிச்சம் 36 பேர் தவறாகக் கேட்பவர்களா?

சரி, நான் என்ன செய்தேன்? இளைஞர் ஒரு மென்பொருளை ஏற்றிக்கொடுத்தார். 1972இல் ஜார்ஜ் மாசன்பர்க் விவரித்த முறைதான்: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம் என்ற மூன்றையும் தனித்தனியே சொல்லலாம். எங்கே எவ்வளவு கூட்டினாலும் மொத்தத்தை முதலில் அந்த அளவுக்குக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒலி நெரிந்து உடையும். எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அளவீட்டை ரொம்ப நம்பக் கூடாது. ஹெட்ஃபோனை விரற்கடை நகர்த்தி வைத்தாலே அங்கே எல்லாம் மாறிவிடும். குறுகலான பள்ளங்களைத் தூர்க்கப் போகக் கூடாது. இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. இலக்கு வளைவைப் போட்டேன். குரல்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார்ந்தன. ஆனாலும் ஒரு வரி பிடிபடவில்லை.

ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், ஏஜெண்ட் பீடிக் கட்டைப் பிரித்துப் பார்த்து ‘இது சரியில்ல’ என்று கழிவாக ஒதுக்குவதைப் பற்றிச் சொல்கிறார். ‘நூத்துக்கு இருபது கழி...’ என்று அவர் சொல்லி முடிக்கும் இடத்தில் நாடா தீர்ந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் வேறொருவர். 1996இல் நான் ‘கழிக்காங்க’ என்று எழுதினேன். நெல்லைப் பேச்சில் இப்போதும் கழிக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியே சிறுநூலிலும் அச்சானது.

‘க்க’வுக்கும் ‘ச்ச’வுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதும் 3000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது, ‘ச்ச’வின் உரசல் அங்கேதான் கேட்கும். அதற்கு முன் எட்டு வருஷம் நான் அச்சகத்தில் சிலிண்டர் மெஷின் பக்கத்தில் நின்றவன். போன மாதம் எடுத்த செவிச் சோதனையில் இடது காதுக்கு 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு வழக்கமாக விழும் இடம். இலக்கு வளைவின் மேல் இடது பக்கத்துக்கு மட்டும் 4000இல் ஆறு டெசிபல் கூட்டினேன். கேட்டது. ‘கழிச்சாங்க.’ எனக்கு நம்பிக்கை வரவில்லை. கூட்டினதால் நானே உண்டாக்கிக்கொண்ட ‘ச்ச’வோ என்று சந்தேகம். நண்பர் மகள், கல்லூரியில் படிக்கிறவள், பக்கத்தில் இருந்தாள். என் திருத்தங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, எதுவும் சொல்லாமல் ஹெட்ஃபோனை அவளிடம் கொடுத்தேன்.

‘கழிச்சாங்கன்னுல்லா சொல்லுதாங்க மாமா. இதுல என்ன சந்தேகம்?’

அப்படியானால் அந்த அம்மா நின்றுபோன ஒன்றைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்த ஊரில் பெண்கள் கூடி ஏஜெண்ட் வீட்டு வாசலில் உட்கார்ந்ததையும், அதன் பிறகு கழிவு குறைந்ததையும் வேறொரு பேட்டியில் இன்னொருவர் சொல்லியிருக்கிறார். நாங்கள் அதைத் தனிச் சம்பவமாக எண்ணி அடிக்குறிப்பில் தள்ளியிருந்தோம். நாடா தீராமல் இருந்திருந்தால் இந்த அம்மாவும் அதைத்தான் அடுத்துச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நாங்கள் எழுதியபோது எங்களுக்குத் துயரம் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. என் காதை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பிக்க முடியாது.

என் கைப்பிரதியில் பென்சிலால் திருத்திவிட்டேன். அச்சான பிரதிகள் யார் யாரிடமோ இருக்கின்றன. இன்னும் பதினான்கு நாடாக்கள் பாக்கி. மென்பொருளில் இப்போது இரண்டு அமைப்புகள் சேமித்து வைத்திருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவளுடையதில் இடது பக்கத்துக்குத் தனியாக எதுவும் கூட்டவில்லை. தாழ்சுரத்தை மட்டும் மூன்று டெசிபல் குறைத்துக்கொண்டாள்.