பறக்கும் ஆன்டெனாவின் கதை

1980களில் தொலைக்காட்சி நம் ஊர்களுக்கு வந்த புதிதில், வீட்டுக்கு வீடு ஒரு காட்சி நடக்கும். ஒருவர் மொட்டை மாடியில் ஏறி நின்று ஆன்டெனாவை மெல்லத் திருப்புவார். கீழே இருப்பவர், "இன்னும் கொஞ்சம்... போதும், போதும், படம் தெரிகிறது!" என்று குரல் கொடுப்பார். ஆன்டெனா நிற்கும் நிலையில்தான் படத்தின் தெளிவு இருக்கிறது என்பதை அறிவியல் படிக்காதவர்களும் அன்று அறிந்திருந்தனர்.

அந்த ஆன்டெனாவே பறந்துகொண்டும் சாய்ந்துகொண்டும் சுழன்றுகொண்டும் இருந்தால் என்ன செய்வது? நான்கு அல்லது ஆறு சுழலிகளின் துணையால் பறந்து, தான் காணும் காட்சியை உடனுக்குடன் கீழே அனுப்பும் ட்ரோன்களில் எழும் கேள்வி இதுவே. திரைக்கண்ணாடியை முகத்தில் அணிந்து ட்ரோனைச் செலுத்துபவருக்கு அந்தப் படம் ஒன்றே கண். அது ஓரிரு நொடிகள் மறைந்தாலும் ட்ரோன் மரத்தில் மோதலாம். கீழே நிற்பவர்மீதும் விழலாம்.

படம் மங்கினால் பரப்பியின் திறனைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். திறந்த வெளியிலும் இருமடங்கு தொலைவை எட்ட நான்கு மடங்கு திறன் தேவை. ஆன்டெனா தவறான நிலையில் இருந்தாலோ, கூட்டிய திறனும் வீணே. இந்த உண்மையை மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது.

ஹெர்ட்ஸ் கண்ட உண்மை

மின்காந்த அலைகள் உண்டு என்பதைச் சோதனையால் நிறுவியவர் ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். கார்ல்ஸ்ரூ நகரில் 1888ஆம் ஆண்டு நடத்திய சோதனைகளில் அவர் ஒன்றைக் கவனித்தார். பரப்பியின் கம்பியும் ஏற்பியின் கம்பியும் இணையாக இருந்தபோது ஏற்பியில் தீப்பொறி தோன்றியது. ஏற்பியை 90 பாகை திருப்பியதும் பொறி மறைந்துவிட்டது. அலையின் மின்புலம் ஒரு குறிப்பிட்ட தளத்தில் அதிர்கிறது என்பதே இதன் பொருள். இதனைத் தளவிளைவு என்கிறோம்.

இரு கம்பிகளும் 45 பாகை விலகினால் திறனில் பாதிதான் கிடைக்கும்; 60 பாகை விலகினால் கால் பங்கே மிஞ்சும்; 90 பாகையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இன்னொரு குணமும் உண்டு. நேரான கம்பி எல்லாத் திசைகளிலும் சமமாக அலைகளைப் பரப்புவதில்லை. ஓர் உளுந்து வடையின் துளையில் குச்சியைச் செருகியதாகக் கற்பனை செய்யுங்கள். குச்சி ஆன்டெனா, வடை அதன் அலைப்பரப்பு. பக்கவாட்டில் அலை மிகுதி. குச்சியின் நுனி நோக்கும் திசையில் அலையே இல்லை.

நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் 1895 முதல் கல்கத்தாவில் சில மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளைக் கொண்டு தளவிளைவை ஆராய்ந்தார். முறுக்கிய சணல் நார்க்கற்றை அலையின் தளத்தைத் திருப்பிவிடுகிறது என்று 1898இல் காட்டினார். முறுக்கிய வடிவத்துக்கும் அலைக்கும் உள்ள இந்த உறவை நினைவில் வையுங்கள்.

வானில் ஏறிய கம்பி

1910 ஆகஸ்டு 27ஆம் நாள், நியூயார்க் அருகே ஷீப்ஸ்ஹெட் பே என்னுமிடத்தில், ஜேம்ஸ் மெக்கர்டி பறக்கும் விமானத்திலிருந்து தரைக்கு வானொலிச் செய்தி அனுப்பினார். அக்காலத்து அலைகள் நீளமானவை. ஆகவே ஆன்டெனாவும் நீளமாக இருக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போரின்போது, நுனியில் எடை கட்டிய நீண்ட கம்பியை விமானத்தின் பின்னே தொங்கவிட்டுப் பறந்தனர். தரையிறங்குமுன் அதை உருளையில் சுற்றி உள்ளே இழுத்தாக வேண்டும்.

அதிர்வெண் உயர உயர ஆன்டெனா குறுகி விமானத்தின் உடல்மீதே அமர்ந்தது. அப்போது வேறு தொல்லை தோன்றியது. உலோக இறக்கையும் வாலும் அலைகளை மறைத்தன. விமானம் திரும்பும்போதெல்லாம் செய்தி அறுபட்டது. ஆன்டெனாவை எங்கே பொருத்துவது? 1940களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சின்கிளேர் குழுவினர் இதற்கு அழகிய வழி கண்டனர். விமானத்தின் சிறிய உலோக மாதிரியைச் செய்து, அது எத்தனை மடங்கு சிறியதோ அத்தனை மடங்கு அதிர்வெண்ணை உயர்த்தி, எத்திசையில் அலை போகிறது, எத்திசையில் நிழல் விழுகிறது என்று தரையிலேயே அளந்தனர்.

படம் அனுப்பிய முதல் ட்ரோன்கள்

ட்ரோன் படம் அனுப்புவது நேற்றுத் தோன்றியதன்று. 1944இல் அமெரிக்கக் கடற்படை பசிபிக் போர்முனையில் டி.டி.ஆர்-1 என்னும் ஆளில்லா விமானத்தைப் பயன்படுத்தியது. அதன் மூக்கிலிருந்த தொலைக்காட்சிக் கருவி அனுப்பிய படத்தைப் பார்த்தபடி, பின்னால் பறந்துவந்த மற்றொரு விமானத்திலிருந்து அதைச் செலுத்தினர். படம் தெளிவற்றது, ஆயினும் தொலைவிலிருந்து படத்தைப் பார்த்தே பறக்கலாம் என்பது உறுதியாயிற்று.

சாய்ந்தாலும் குறையாத அலை

விமானம் சாயும்போது தளமும் சாய்கிறதே, அதற்கு என்ன வழி? ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் நில்ஸ் லிண்டன்பிளாட் 1940களின் தொடக்கத்தில் ஒரு விடை கண்டார். நான்கு கம்பிகளைச் சாய்த்து வட்டமாக நிறுத்தினால், மின்புலம் ஒரே தளத்தில் அதிராமல் திருகாணிபோலச் சுழன்றுகொண்டே முன்னேறும். இது வட்டத் தளவிளைவு. சுழலும் அலைக்குச் சாய்வு ஒரு பொருட்டன்று.

1946இல் ஜான் கிராஸ் இன்னொரு வடிவத்தைத் தந்தார். சுருள் கம்பியை ஆன்டெனாவாகப் பயன்படுத்தலாமா என்று அவர் கேட்டபோது, உரையாற்ற வந்திருந்த அறிஞர் முடியாது என்றாராம். கிராஸ் வீடு திரும்பிச் சுருளைச் சுற்றிச் சோதித்தார். சுருள் நோக்கும் திசையில் வட்டத் தளவிளைவுள்ள அலை வலுவாகப் புறப்பட்டது! போஸ் கையாண்ட முறுக்கு இங்கே கம்பியில் வந்துவிட்டது.

வட்ட அலைக்கு வேறொரு நன்மையும் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும்போது வலப்பக்கம் சுழன்ற அலை இடப்பக்கம் சுழல்வதாகிவிடும். வலச்சுழற்சி ஏற்பி அதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். எதிரொலி அலைகளால் வரும் படக்குழப்பம் குறையும். ஆனால் இரு முனைகளிலும் ஒரே சுழற்சி இருக்க வேண்டும். ஒரு முனையில் வட்டமும் மறுமுனையில் நேர்க்கம்பியும் இருந்தால் பாதித் திறன் போய்விடும்.

ட்ரோனில் எங்கே பொருத்துவது?

2010களில் பொழுதுபோக்காக ட்ரோன் செலுத்தியவர்கள் இந்தப் பழைய பாடங்களை எல்லாம் மறுபடியும் கற்றனர். பலர் கையாண்ட 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 5.2 சென்டிமீட்டர். ஆகவே விரல் நுனி அளவான ஆன்டெனா போதும். மூன்று அல்லது நான்கு இதழ்கள்போல் வளைத்த கம்பிகளால் வட்டத் தளவிளைவைப் பெற்றனர்.

அளவு சிறிதானாலும் இடம் முக்கியம். ட்ரோனின் சட்டம் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனது, அது மின்கடத்தி. மின்கலமும் அப்படியே. ஆன்டெனாவை இவற்றோடு ஒட்டி வைத்தால் பின்னால் நிழல் விழும். அலைப்பரப்பின் வடிவமும் சிதையும்.

ட்ரோன் முன்னேற வேண்டுமானால் மூக்கைத் தாழ்த்திச் சாய வேண்டும். வேகமாக விலகிச் செல்லும்போது அதன் அடிப்பக்கம் செலுத்துபவரை நோக்கும். மேலே நடுவில் உள்ள ஆன்டெனாவைச் சட்டம் மறைக்கும். திரும்பி வரும்போதோ ஆன்டெனாவின் நுனியே அவரை நோக்கும். அது வடையின் துளை! ஆகவே பந்தய ட்ரோன்களில் ஆன்டெனாவைப் பின்பக்க ஓரத்தில், சட்டத்துக்கு வெளியே தண்டின்மீது உயர்த்தி, சற்றுப் பின்சாய்வாகப் பொருத்துகின்றனர். முன்சாய்ந்து பறக்கையில் அது ஏறத்தாழ நிமிர்ந்து நிற்கும். மிக உயரே பறந்து படமெடுக்கும் ட்ரோன்களுக்கு நிழல் கீழே விழக்கூடாது. எனவே அவற்றுக்கு ஆன்டெனாவைக் கீழ்ப்புறமாகவோ இறங்கு கால்களிலோ வைப்பது நலம்.

செவ்வாயில் ஒரு குன்று

2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் முதன்முதலாகப் பறந்த இன்ஜெனுயிட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிரே சுழலும் இரு சுழலிகள் கொண்டது. அதன் குட்டையான ஆன்டெனா சுழலிகளுக்கும் மேலே, சூரியப் பலகையின்மீது நின்றது. சுமார் 914 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு பேசியது.

2023 ஏப்ரல் 26 அன்று, 52ஆம் பயணத்தில் தரையிறங்கும் வேளையில் தொடர்பு அறுந்தது. கருவி பழுதாகவில்லை, ஊர்திக்கும் அதற்கும் இடையே ஒரு குன்று நின்றது, அவ்வளவே. 63 நாட்கள் கழித்து, ஜூன் 28 அன்று, ஊர்தி குன்றின் உச்சியை அடைந்ததும் மறுபடி குரல் கேட்டது. 2024 ஜனவரியில் சுழலித் தகடுகள் சேதமடையும்வரை இன்ஜெனுயிட்டி மேலும் இருபது முறை பறந்தது.

திறனைக் கூட்டி அந்தத் தொடர்பு மீளவில்லை. இடம் மாறியதால் மீண்டது. ட்ரோன் செய்ய விரும்பும் மாணவர்கள் பெரிய பரப்பியை வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும்: ஆன்டெனாவை எது மறைக்கிறது? அதன் நுனி யாரை நோக்குகிறது? இரு முனைகளின் தளவிளைவும் ஒன்றா? இவற்றுக்கு விடை காணக் காசு செலவில்லை.